குறட்டையும் அளவை இயலும்: முதல் சி-பாப் கருவி குறித்து ஒரு விசாரணை

பல்வலிக்காரர் பல்வலி நடக்கும் இடத்திலேயே இருக்கிறார். காய்ச்சல்காரருக்குக் காய்ச்சல் அடிப்பதை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஸ்லீப் ஆப்னியா என்ற தூக்க மூச்சுத்தடை நோயில்தான், நோய் நடக்கும் நேரம் முழுவதும் நோயாளி ஆஜராவதே இல்லை. தொண்டைத் தசைகள் தளர்கின்றன, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது, காற்று போகும் வழி மூடுகிறது. பத்து வினாடிக்குக் குறையாமல் மூச்சு நிற்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை பதறி ஒரு கணம் விழித்து வழியைத் திறந்துவிட்டு மறுபடி உறங்கப் போகிறது. இது மணிக்கு முப்பது தடவை நடந்திருந்தாலும், காலையில் பல் துலக்கும் மனிதர் "நல்லாத்தானே தூங்கினேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்த நிலையில் இருப்பவர், முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து தொண்டை மூடாமல் காக்கும் சி-பாப் கருவியை முதன்முதலாக வாங்குவது மருத்துவச் சிக்கல் என்றும், விலையைக் கேட்டவர்களால் பணச் சிக்கல் என்றும் இதுவரை கருதப்பட்டு வந்திருக்கிறது. இரண்டும் பிழை. அது அளவை இயல் சிக்கல். தான் ஒருபோதும் காணாத ஒன்றை உண்டென்று ஒருவர் எதைக்கொண்டு ஒப்புக்கொள்வது? நம் தர்க்க மரபு அளவைகள் என்று சொல்லும் அறியும் வழிகள் ஒவ்வொன்றாகத் தோற்ற பிறகு கடைசியில் நிற்பது அந்தக் கருவிதான் என்பதும், மூச்சுக்கு உதவுவது அதன் இரண்டாவது வேலையே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

அளவைகள் எத்தனை என்பதில் முன்னோர் ஒத்துப்போனதில்லை. மணிமேகலை தரும் கணக்குப்படி வேதவியாசருக்குப் பத்து, கிருதகோடிக்கு எட்டு, சைமினிக்கு ஆறு. அறவண அடிகள் பௌத்தர் என்பதால் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார். சைவ சித்தாந்திகள் காண்டல், கருதல், உரை என்று மூன்றில் அடக்குவார்கள். குறட்டை ஆராய்ச்சிக்கு இந்த மூன்றோடு அபாவம் என்கிற இன்மை அளவையும் வேண்டும். முதலில் காண்டலை எடுப்போம். நோயாளிக்கு அது கிடையாது; பக்கத்தில் படுப்பவருக்கு உண்டு. ஆனால் அவர் கண்டது என்ன? குறட்டையை அல்ல, குறட்டை நின்றதை. இரைச்சலிலேயே பழகித் தூங்குகிறவர், அது சட்டென்று நின்றதும் எழுந்து உட்கார்ந்து மூக்கருகே கைவைத்துப் பார்க்கிறார். தரையில் குடம் இல்லை என்பதை எந்த அளவையால் அறிகிறோம் என்று மீமாஞ்சகர்கள் பல காலம் சண்டையிட்டார்கள். இன்மையை அறிவதற்குத் தனி அளவை உண்டு என்றார் குமாரிலர். தேவையில்லை என்றார் பிரபாகரர். ஒரே ஒரு குறட்டைக்காரரின் வீட்டில் ஓரிரவு தங்கியிருந்தால் பிரபாகரர் தம் கட்சியைக் கைவிட்டிருப்பார். ஆனாலும் இந்தச் சாட்சியம் நோயாளியிடம் செல்லாது. வாழ்க்கைத் துணையைத் தகுதியுள்ள சாட்சியாக உரிமையியல் வழக்குகளில் சட்டம் ஏற்கிறது. குறட்டை விஷயத்தில் குடும்பம் ஏற்பதில்லை. "உனக்கு என்னைப் பத்தி ஏதாவது சொல்லணும்" என்று அது முன்பகையில் சேர்க்கப்பட்டுவிடும். செல்போனில் பதிவுசெய்து போட்டுக் காட்டினாலோ, அந்தச் சத்தம் தன்னுடையது அல்ல என்பார். மின்னணு ஆவணத்துக்குப் பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவும் புதியதன் 63-ஆம் பிரிவும் கேட்கிற சான்றிதழ் எங்கே என்று கேட்காததுதான் குறை.

அடுத்தது கருதல். மலையில் புகை இருந்தால் நெருப்பு இருக்கும். அதுபோலக் குறட்டை இருந்தால் மூச்சுத்தடை இருக்கும் என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். இது அநைகாந்திகம் என்ற ஏதுப்போலி: குறட்டை விடும் எல்லோருக்கும் இந்த நோய் இருப்பதில்லை. இதற்குக் கும்பகர்ணனை எடுத்துக்காட்டாகக் கூப்பிடுவது வழக்கம், அவசரப்பட்ட வழக்கம். அவன் மூச்சுக்காற்றின் வேகத்தில் வலிமை மிக்க அரக்கர்களே எதிரே நிற்க முடியாமல் தவித்தார்கள் என்று வால்மீகி சொல்கிறார். காற்றோட்டம் அவ்வளவு தாராளமாக இருக்கும் இடத்தில் தடை எங்கே வந்தது? கும்பகர்ணனுக்கு ஸ்லீப் ஆப்னியா இல்லை என்றே இக்கட்டுரை தீர்ப்பளிக்கிறது; அவனை எழுப்ப முடியாததற்கு வேறு காரணம் தேட வேண்டும். டிக்கன்ஸின் பிக்விக் நாவலில் நின்றபடியே தூங்கும் குண்டுப் பையன் ஜோ இதைவிட நல்ல எடுத்துக்காட்டு. 1956-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு நோய்க்கூட்டுக்கு அந்த நாவலின் பெயரையே சூட்டினார்கள். கருதலைச் செம்மைப்படுத்தக் கேள்வித்தாள்களும் வந்தன. மெல்போர்னில் மரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோல் எட்டுச் சூழ்நிலைகளைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் கண்ணயர்ந்துவிடும் வாய்ப்புக்குப் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண் போடச் சொல்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருந்தால்? பிற்பகலில் படுத்தால்? ஒரு மணி நேரம் வண்டியில் பயணியாகப் போனால்? தாம்பரத்தில் ஏறிச் செங்கல்பட்டுக்குள் தலை சாயாத பயணி யார் என்று சொல்லுங்கள். பத்துக்கு மேல் வாங்கினால் மிகைத் தூக்கம் என்பது விதி. சாம்பார் சாதத்துக்குப் பிறகு நம்மில் பலர் அந்த விதியை மீறித்தான் வாழ்கிறோம்.

மூன்றாவது, உரை. தூக்கப் பரிசோதனை அறிக்கையை ஆப்த வாக்கியமாகக் கொள்ளலாம். தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் மின்முனைகள், மூக்கில் காற்றை அளக்கும் குழல், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், விரலில் ஆக்சிஜன் கவ்வி என்று ஓரிரவு முழுக்கக் கணக்கெடுத்து, மூச்சு நின்றதும் குறைந்ததுமாக மணிக்கு எத்தனை என்று ஒரே எண்ணில் தருகிறார்கள். ஐந்துக்கு மேல் லேசானது, பதினைந்துக்கு மேல் நடுத்தரம், முப்பதைத் தொட்டால் கடுமை. முப்பது என்றால் சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை. இவ்வளவு துல்லியமான உரையையும் நோயாளி ஒரே வாக்கியத்தில் தள்ளுபடி செய்கிறார்: "அன்னிக்குப் புது இடம், உடம்பெல்லாம் வயரு, எனக்குத் தூக்கமே வரல." தூங்காத மனிதருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றது எப்படி என்று அவரிடம் கேட்கக் கூடாது. புது இடத்தில் முதல் இரவுத் தூக்கம் கெடும் என்பதைத் தூக்க மருத்துவர்களே ஒப்புக்கொள்வதால் அவர் வாதத்தில் கால்பங்கு நியாயமும் இருந்து தொலைக்கிறது.

இங்கேதான் கருவி வருகிறது. சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன் 1980-இல் இதை முதன்முதலாக ஒரு நோயாளியிடம் சோதித்து, ஐந்து பேரிடம் கண்டதை 1981-இல் லான்செட் இதழில் வெளியிட்டார். அதுவரை கடுமையான நோய்க்குத் தொண்டையில் துளையிடுவதே சிகிச்சையாக இருந்தது. வாக்குவம் கிளீனர் மோட்டாரும் மூக்கில் ஒட்டவைத்த முகமூடியும் கொண்ட அந்த ஏற்பாட்டில் காற்றழுத்தத்தை ஏற்றினால் அடைப்பு விலகியது, இறக்கினால் திரும்பியது. தர்க்க நூலாருக்கு இதைவிட இனிய காட்சி இல்லை. இது இருந்தால் அது இருக்கும் என்பது அந்நுவயம். இது இல்லையேல் அது இல்லை என்பது வெதிரேகம். இரண்டையும் ஒரு குமிழைத் திருகிக் காட்ட முடிகிற அளவையைச் சைமினி கனவிலும் கண்டிருக்கமாட்டார். வீட்டுக்கு வரும் கருவியும் இதையே செய்கிறது. முதல் சில இரவுகளில் மூக்கில் தும்பிக்கை முளைத்ததுபோல் புரண்டு, முகமூடியின் ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடிக்க எழுந்து, மூக்குக்கு மட்டுமானதா வாயையும் சேர்த்து மூடுவதா என்று மாற்றிப் பார்த்து, ஒருநாள் காலையில் தலை கனமில்லாமல் எழுந்த பிறகுதான் அவருக்கு முதல் ஐயம் தட்டுகிறது: இத்தனை வருடம் நாம் செய்தது தூக்கமே இல்லையோ? நோய் உண்டு என்பதை அவர் அறிவது, அது இல்லாத முதல் நாளில்.

தடை: கருவி அவருக்காக மூச்சு விடுகிறது, அதனால் அது சாட்சியாகாது என்பர் சிலர். அது அவர்கள் கருவியை அறியாமையால் வந்த தடை. பார்க்க வரும் உறவினர்கள் ஆக்சிஜன் மெஷின் என்று நம்பி ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வருகிறார்கள் அல்லவா, அதே அறியாமை. அதில் ஆக்சிஜன் கிடையாது, அறையிலுள்ள காற்றுதான். அழுத்தமும் நீர் மட்ட அளவில் நான்கு முதல் இருபது சென்டிமீட்டர் வரைதான். பத்து சென்டிமீட்டர் என்பது வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. அந்தச் சிறு அழுத்தம் தொண்டை மடியாமல் தாங்குகிறது, மூச்சு விடும் வேலை அவருடையதே. இன்னொரு தடை வலுவானது. மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது என்று காலையில் கருவியே சொல்கிறது, சிலவற்றில் சிரித்த முகம் வேறு. தன் வேலைக்குத் தானே சான்றிதழ் கொடுப்பது ஏற்புடையதா? அறிவு தன்னளவிலேயே செல்லும் என்பது மீமாஞ்சை, வேறொன்றால் உறுதிப்பட வேண்டும் என்பது நியாயம். இங்கே நியாயத்தின் பக்கமே நிற்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க மெடிக்கேர் திட்டம்கூட, முப்பது நாளில் எழுபது சதவீத இரவுகளில் நான்கு மணி நேரமாவது போட்டிருக்கிறாரா என்றுதான் கருவியின் நினைவகத்தைக் கேட்கிறது. போட்டவர் எப்படி இருக்கிறார் என்பதற்கு மருத்துவரை வேறாகக் கேட்கிறது. நம் வீடுகளில் அந்த இரண்டு பதவியையும் பக்கத்தில் படுப்பவர் சம்பளமின்றி வகிக்கிறார். அவருக்கும் ஒரு தொல்லை உண்டு. முன்பு சத்தம் நின்றால் ஆபத்து. இப்போது சத்தம் இல்லாவிட்டால் சுகம். ஒரே ஏது நேர் எதிரான முடிவைத் தருவதை விருத்தம் என்பார்கள், அதனால் அவர் கொஞ்ச நாள் முன்னிலும் அதிகமாக விழித்துக்கொள்வார்.

கருவியே வேண்டாம், ஊதுகருவி போதும் என்போரையும் புறக்கணிக்க முடியாது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜெரிடூவை நான்கு மாதம் ஊதிப் பழகியவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்ததாக 2006-இல் சுவிஸ் ஆய்வொன்று சொன்னது; அதற்கு 2017-இல் சமாதானத்துக்கான இக்நோபல் பரிசு கிடைத்தது. இரட்டை நாணல் கருவிகள் வாசிப்போருக்கு இந்நோயின் அபாயம் குறைவு என்று 2012-இல் இன்னொன்று. சீவாளியும் இரட்டை நாணலே என்பதால் நாகஸ்வரத்தைப் பரிந்துரைக்கக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் விடியற்காலைச் சாதகத்துக்கும் குறட்டைக்கும் வாக்கெடுப்பு வைத்தால் குறட்டையே வெல்லும்.

எஞ்சியிருப்பது, இரண்டு மாதம் கருவியைப் போட்டுத் தேறிவிட்டு "எனக்குத்தான் சரியாயிடுச்சே, இது எதுக்கு" என்பவரின் தடை. அவருக்கு விடைசொல்ல ஆளே தேவையில்லை. கோடையில் இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போகிறது; கருவி நிற்கிறது. முழு முகமூடியில் அதற்கென்றே வால்வு இருப்பதால் மூச்சு முட்டிவிடாது, ஆனால் தொண்டை தன் பழைய வழிக்குப் போய்விடும், குறட்டை கூடத்துக்கும் கேட்கும், மறுநாள் அலுவலகத்தில் அவர் நாற்காலியிலேயே கண் செருகுவார். வெதிரேகம் செலவில்லாமல் நிறுவப்பட்டது. இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இந்த நோயாளிகள் தெளிவடையக் கூடுதல் காலம் ஆகும்.