அன்னவெட்டி யார் கையில்?

ஒரு மருமகள், அபிராமபுரம்: மாமனாருக்குச் சர்க்கரை. டயட்டீஷியனிடம் அவர் மட்டும் போய்விட்டு வந்தால் போதாதா?

உங்கள் மாமனார் கடைசியாக அடுப்பு பற்றவைத்தது எந்த வருஷம்? நாட்டிலேயே முதன்முதலாக நீரிழிவுக்கென்று ஒரு கிளினிக்கை டாக்டர் எம்.விசுவநாதன் 1948-ல் தொடங்கியது நம் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில்தான். இந்த விஷயத்தில் அத்தனை பழைய ஊர் நம் ஊர். ஆனாலும் டயட் ஷீட் இன்னும் ஃபிரிட்ஜ் கதவைத் தாண்டி அடுப்படிக்குள் வரவில்லை. சமைப்பவர் போக வேண்டும். சமையல் மாமி இருந்தால் அவரையும் ஆட்டோவில் ஏற்றுங்கள்.

மந்தைவெளி வாசகர்: அப்பா ராத்திரியில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிவிட்டார். ஆறு சாப்பிடுகிறார். சர்க்கரை இறங்கவே இல்லையே?

ஏன் இறங்கும்? 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் என்றால், கோதுமை மாவில் 70-க்குப் பக்கம். கேழ்வரகு இரண்டுக்கும் நடுவில். கோதுமையில் கூடுதலாக இருக்கும் நார்ச்சத்து லாபம்தான். அதை ஆறாவது சப்பாத்தி விழுங்கிவிடும்.

தட்டில் பாதி காய்கறி (உருளைக்கிழங்கு காய்க் கணக்கில் வராது), கால்வாசி பருப்பு, சுண்டல், முட்டை மாதிரி ஏதாவது, மிச்சக் கால்வாசிதான் சோறோ சப்பாத்தியோ. காயை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். சர்க்கரை சட்டென்று ஏறாது.

எங்கள் வீட்டில் ஒருநாள் அன்னவெட்டியால் அள்ளிய சோற்றைத் தராசில் வைத்தேன். தட்டையாக அள்ளினால் 85 கிராம், குவித்து அள்ளினால் 140. 'ஒரு கரண்டிதான் போட்டேன்' என்று இத்தனை வருஷம் நாங்கள் சொன்னதில் பொய் இல்லை. எந்தக் கரண்டி என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆழ்வார்பேட்டை வாசகி: கருப்பட்டிக் காபி கொடுக்கலாமா?

வித்தியாசம் நாக்குக்குத் தெரியும். ரத்தத்துக்குத் தெரியாது.

ஒரு மகள், சி.பி.ராமசாமி சாலை: இன்சுலின் போட்டுக்கொண்ட அம்மா திடீரென்று வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, என்மேல் எரிந்து விழுகிறார். கோபமா, நோயா?

தாழ்சர்க்கரையாக இருக்கலாம். சர்க்கரை மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் 15 கிராம் குளுக்கோஸ் பவுடர், இல்லாவிட்டால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறியதும் இரண்டு இட்லி. மீட்டரைத் தேடவேண்டியிருந்தால் தேடாதீர்கள், முதலில் குளுக்கோஸ். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே 108. ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதும், ஏகாதசிப் பட்டினியும் இதற்கு வழக்கமான காரணங்கள். விரதம் இருந்தே தீருவேன் என்றால், மருந்தளவைப் பற்றி முந்தின வாரமே டாக்டரிடம் பேசுங்கள்.

ஒரு மகன், மயிலாப்பூர்: வாக்கிங் என்று கிளம்பும் அப்பா லஸ் முனையில் மெதுவடை தின்றுவிட்டு வருகிறார். எப்படிக் கையும் களவுமாகப் பிடிப்பது?

பிடித்து என்ன செய்வதாக உத்தேசம்? ஜாமீன் மறுப்பா? ஒளித்துத் தின்பவர் எண்ணித் தின்பதில்லை. வாரத்தில் ஒருநாள் வடையை நீங்களே சாப்பாட்டுத் தட்டில் வையுங்கள், அன்றைக்குச் சோற்றைக் குறையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரை அவர் கையிலேயே கொடுங்கள். மகன் சொன்னால் எதிர்வாதம் வரும். மீட்டரோடு யார் வாதாடுவது?

பேரனின் தாய், ராஜா அண்ணாமலைபுரம்: தாத்தாவுக்காக வீடே பத்தியம் இருக்கணுமா?

பத்தியம் என்ற பேச்சை விடுங்கள், அதே சாம்பார், கூடுதல் காய். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவுக்காரர்கள் 10.1 கோடி. வாசற்படியில் நிற்பவர்கள் 13.6 கோடி. உங்கள் வீட்டுக்காரரின் தொப்பை எந்தக் கணக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நியூஜெர்சி மகன்: அம்மா அபிராமபுரத்தில் தனியாக இருக்கிறார். இங்கிருந்து என்ன செய்ய முடியும்?

'சாப்டியாம்மா?' என்று கேட்டால் 'சாப்டேன்' என்றுதான் பதில் வரும். வீடியோவில் தட்டைக் காட்டச் சொல்லுங்கள். சமைப்பவரிடம் வாரம் ஒருதரம் பேசுங்கள். முக்கியமாக, மளிகைக் கடை பில்லை வாட்ஸப்பில் வாங்கிப் பாருங்கள். ஒற்றை ஆள் வீட்டில் மாதம் இரண்டு கிலோ சர்க்கரை என்றால், அடுத்த கேள்வியை அம்மாவிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.