ஜாக்கி ஏறும், கார் ஏறாது

1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவர் அதற்காக உயிரையே கொடுப்பார். பேச்சுக்குச் சொல்லவில்லை, ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போய்ப் படுக்கிறாரே, அதைச் சொல்கிறேன்.

கம்பிச் சக்கரத்துக்குக் குரோம் பூசக் கணக்குப் பார்க்காதவர், கிட்டத்தட்ட ஒரு டன் எடையைத் தாங்கும் ஸ்டாண்டு வாங்கச் சொன்னால் தோட்டத்தில் கிடக்கும் சிமென்ட் கல்லைத் தேடுவார். கல் சொல்லிக்கொண்டு உடைவதில்லை.

“ஹேண்ட்பிரேக் போட்டிருக்கே!” என்பார். அது பிடிப்பது பின்சக்கரங்களை. அவர் தூக்குவதும் பின்பக்கத்தைத்தான். முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கச் சொல்கிறவன் பயந்தாங்கொள்ளி.

இந்தக் காருக்குத் தனிச் சேஸி கிடையாது. கதவுகளுக்கு அடியில் ஓடும் தகட்டுப் பெட்டிகள்தான் பெரும்பாலான பாரத்தையும் சுமக்கின்றன. துருவுக்கும் அந்த இடம்தான் பிடிக்கும். பெட்டி உளுத்துப்போயிருந்தால் ஜாக்கி ஏறும், கார் ஏறாது. தப்பித்தவறி ஏறினாலும் உடம்பு வளைந்து, திறந்த கதவு மூட மாட்டேன் என்று அடம்பிடிக்கும். மேலே பெயின்ட் மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கும். முன்னால் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் பின்னால் ஆக்சிலும் தூக்குவதற்கென்றே கெட்டியாக இருக்கின்றன, குனிந்து பார்த்தால்தானே!

ஸ்டாண்டில் இறக்கியதும் காரைப் பிடித்து ஒருமுறை நன்றாக உலுக்க வேண்டும். விழுவதென்றால் ஆள் வெளியே நிற்கும்போதே விழட்டும். நம்மவருக்கு உலுக்க மனம் வராது. மெழுகு போட்டிருக்கிறாராம், கைரேகை படியுமாம்.