கம்பியில்லா இணையத்துக்கு வேண்டிய கம்பி

அடுக்குமாடி வீட்டு வைஃபை கண்ணாடியிழையில் தொடங்கிக் குளியலறைச் சுவரில் முடிகிறது. மாடிப்படி ஓரத்துக் குழாய்வழியே, அது அடைத்திருந்தால் மொட்டைமாடியிலிருந்து துணிக்கொடிக்குத் துணையாகத் தொங்கியபடி, ஃபைபர் கேபிள் வீட்டுக்குள் வரும். ரூட்டர் எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் கேபிள் இழுக்க வந்த தம்பி. சுவரில் துளை போடச் சங்கச் செயலாளரிடம் அனுமதி வாங்குவதிலேயே அவருக்குப் பாதி நாள் போயிருக்கும். ஆகவே வாசலையொட்டிக் கண்ணில் படும் முதல் பிளக் பாயின்ட்டே இடமாகிவிடும். “டிவிக்குப் பின்னால வெச்சிடுங்க தம்பி, வெளியில தெரிய வேண்டாம்” என்று வீட்டம்மா சொன்னதும் தீர்ப்பு உறுதியாகும்.

மறைவிடம் ரூட்டருக்கு ஆகாது. அதன் அலையை உலோகம் திருப்பியடிக்கும், தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். இரும்பு பீரோவும் மீன்தொட்டியும் அதற்கு ஜென்மப் பகை. (இதை எழுதுபவரின் வீட்டில் ரூட்டர் நான்கு மாதம் பீரோவுக்கும் எவர்சில்வர் அரிசி டிரம்முக்கும் நடுவில் குடியிருந்தது. சமையலறை ஜன்னலோரம் மட்டும் சிக்னல் கிடைத்ததால், அலுவலகக் கூட்டங்களில் அவர் தாளிக்கும் ஓசையோடு கலந்துகொண்டார்.)

அடுத்தது சுவர். சிக்னல் 3 டெசிபல் குறைந்தால் அதன் திறன் பாதியாகிவிடும். பழைய செங்கல் சுவர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அலுமினிய அச்சில் வார்த்து, சுவர் முழுதும் கம்பியும் கான்கிரீட்டுமாக எழுப்பும் இன்றைய கட்டடங்களில் அந்தத் தாட்சண்யம் கிடையாது. நிலநடுக்கத்துக்கு அசையாத சுவர் வைஃபைக்கு மட்டும் ஏன் அசையப்போகிறது? போதாததற்கு, இரண்டு படுக்கையறை வீடுகள் பலவற்றில் ஹாலுக்கும் உள்ளறைக்கும் நடுவே டைல்ஸ், குழாய், நிலைக்கண்ணாடி, நிரம்பிய வாளி சகிதம் குளியலறை உட்கார்ந்திருக்கிறது.

சுவரைத் தாண்டி வருவது பக்கத்து வீட்டு அலைதான். 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 13 சேனல்கள் உண்டு. ஒவ்வொன்றும் 5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நின்றாலும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் பரவுவதால், ஒன்றையொன்று இடிக்காமல் இருக்க வழக்கமாகப் பயன்படுபவை 1, 6, 11 மூன்றே. தளத்துக்கு நான்கு வீடு என்றால் மேல், கீழ், அக்கம்பக்கம் சேர்த்து ஏறக்குறைய பன்னிரண்டு குடும்பங்கள் இந்த மூன்றில் ஒண்ட வேண்டும். ஒரே சேனலில் இருக்கும் கருவிகள், யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுப் பார்த்து, பேசினால் சற்று நேரம் காத்திருந்துதான் வாய் திறக்கும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் காணக் கிடைக்காத நாகரிகம் இது. ஆனால் காத்திருப்பும் நேரம்தான். இரவு எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் படம் ஓடும்போது வட்டம் சுற்றத் தொடங்குகிறது. காலியாகத் தெரிகிறதே என்று 3, 4-இல் உட்காருபவர் இருபுறமும் இடிக்கிறார். அங்கே பேசுவது அக்கம்பக்கச் சேனல்களுக்குப் புரியாத இரைச்சல். நடுவில் மைக்ரோவேவ் அடுப்பு வேறு; அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் சாம்பாரைச் சுட வைக்கிறது.

இந்த நிலையில் 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300 ஆக்குவது, குளியலறைக் குழாய் அடைத்துக்கொண்டதற்கு மாடித்தொட்டியைப் பெரிதாகக் கட்டுவதைப் போன்றது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால் “ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்” என்பார்கள். அதில் விஷயம் இல்லாமலில்லை: பல ரூட்டர்கள் உயிர்பெறும்போதுதான் நெரிசல் குறைந்த சேனலைத் தேடுகின்றன.

5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். 2018 அக்டோபரில் இந்திய அரசு அதில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் தேவையில்லாததாக அறிவித்தது. இந்த அலைக்குச் சுவர் தாண்டும் தெம்பு குறைவு என்பதைக் குறையாகச் சொல்வார்கள். அடுக்குமாடியில் அது வரம். பக்கத்து வீட்டாருடையதும் இங்கே வராதே. அறைக்கொரு கருவி வேண்டும், அவ்வளவுதான்.

அதற்காக வாங்கப்படும் மலிவு ரிப்பீட்டர், கேட்டதை அதே அலையில் திரும்பச் சொல்வதால் வேகத்தைப் பாதியாக்குகிறது. அதையும் சிக்னல் எட்டாத படுக்கையறையில் கொண்டுபோய் வைப்பார்கள்; காதில் விழாததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? உருப்படியான வழி, உள்ளறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து அங்கே இரண்டாவது ஆக்சஸ் பாயின்ட் வைப்பது. இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை போகும். வீட்டுக்கு 15 மீட்டர் மிஞ்சினால் அதிகம். தொலைபேசிக்காகக் கட்டடக்காரர் சுவரில் பதித்த பைப் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும், எறும்புகள் குடியேறாமல் இருந்தால். இடம் பெயராத டிவியையும் கேபிளில் கட்டிவிட்டால் காற்றில் கூட்டம் குறையும். கம்பியில்லா இணையம் நிலைக்க வேண்டுமானால் வீடு முழுக்கக் கம்பி ஓட வேண்டியிருக்கிறது.

மிச்சம் மின்வெட்டு. ஃபைபரைப் பிரித்துத் தரும் பெட்டிக்குப் பொதுவாக மின்சாரம் வேண்டாம்; ஆகவே கரண்ட் போனாலும் இணையம் வாசல்வரை வந்து நிற்கும். ரூட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் இருந்தால் போதும். அந்த இருட்டில் மற்ற வீட்டு ரூட்டர்கள் அணைந்து, 1, 6, 11 மூன்றும் வெறிச்சோடிக் கிடக்கும். திட்டத்தில் எழுதியிருக்கும் முழு வேகமும் அப்போதுதான் வருகிறது, ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ளும் வரை.