விடை முந்திய தேடல்

வினாவை மட்டும் ஆசிரியர் தந்து, வழிமுறையையும் முடிவையும் மாணவரே கண்டறியுமாறு துணைநிற்பது வழிகாட்டலுடன் கூடிய தேடல்முறை எனப்படும். 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் அறிவை மாணவரே கட்டமைத்துக்கொள்ள வேண்டுமென வலியுறுத்தியது. மேல்நிலை வகுப்பின் தனி ஊசல் சோதனையில், அதாவது நூலில் தொங்கும் குண்டின் அலைவுநேரத்தைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் சோதனையில், இத்தேடல் பெரும்பாலும் தலைகீழாகவே நடைபெறுகிறது: முதலில் 9.8 என்னும் விடை எழுதப்பட்டு, பின்னர் அதற்கு இணங்கும் அலைவுநேரங்கள் அட்டவணையில் 'கண்டறியப்படுகின்றன'. நிறுத்துகடிகாரம் பழுதாயிருப்பினும் ஊசல் பிசகாமல் ஆடுகிறது, ரெக்கார்டு நோட்டில். வழிகாட்டலுக்கும் குறைவில்லை, முந்தைய ஆண்டு மாணவர் விட்டுச்சென்ற நோட்டே அப்பணியைச் செவ்வனே ஆற்றுகிறது. சென்னையில் புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 9.78 என்பதால், உண்மையாகவே அளந்து எழுதிய மாணவர்தான் விளக்கம் கூற அழைக்கப்படுவார்.