மட்டைக்கு முன்னால் மதிப்பெண்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் அணியில் இடம்பிடிக்க ஒன்பதாம் வகுப்பிலேயே ஆயத்தமாக வேண்டுமா?

பதில்: மாணவர் பதினொன்றாம் வகுப்புக்குப் போகும் ஆண்டின் ஆகஸ்ட் 1 வரை முதல் பிரிவுக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் அவரிடம் ஆள்சேர்ப்புப் பேச்சை எடுக்கக்கூடாது என்று, கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு வாய்ப்பூட்டுப் போட்டிருப்பது உண்மையே ஆயினும், மதிப்பெண் பட்டியலுக்கு அப்படிப் பூட்டு ஏதுமில்லை. ஆங்கிலம், கணிதம், அறிவியல் முதலான 'மையப் பாடங்கள்' 16இல் 10ஐப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடித்தாக வேண்டும் என்பதால், மணிக்கு 90 மைல் வேகத்தில் பந்து எறியும் பிள்ளையும், ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ராவில் கோட்டை விட்டால், எறிமேட்டில் கால் வைக்குமுன்பே ஆட்டமிழக்க நேரும். மட்டை வாங்கித் தரும் பெற்றோர் நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்தே வாங்கலாம், விலையும் குறைவு.