சிலவு வெட்டு

வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நிற்பவரின் கறுப்பு உருவத்துக்கு ஆங்கிலத்தில் 'சிலுவெட்' என்று பெயர். பிரெஞ்சிலிருந்து போன சொல். நிழல், விளிம்பு என்று ஏதோ பொருள் இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்தோம். அது ஒரு நிதியமைச்சரின் பெயர்.

எத்தியென் த சிலுவெட் 1759 மார்ச்சில் பதினைந்தாம் லூயியின் கஜானாச் சாவியை வாங்கினார். ஏழாண்டுப் போரில் கஜானா துடைத்துக் கிடந்தது. பிரபுக்களின் பென்ஷனில் கைவைத்தார். பணக்காரர்களின் பகட்டுக்கெல்லாம் வரி என்றார். அந்த வருஷம் ராஜாவே தன் வெள்ளித் தட்டுகளை உருக்கக் கொடுத்தாராம். நவம்பரில் சிலுவெட்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பாரிஸ்காரர்களின் கோபம் மட்டும் போகவில்லை. கஞ்சத்தனமான எதைக் கண்டாலும் 'சிலுவெட் பாணி' என்றார்கள். பையில்லாத கால்சட்டைக்கும் அந்தப் பெயர்தான். போட்டுவைக்கக் காசு இருந்தால்தானே பை? ஓவியர் முன் நாள்கணக்கில் உட்கார வசதியில்லாதவர்கள் மெழுகுவத்திப் பக்கத்தில் உட்கார்ந்து, சுவரில் விழும் நிழலை வரைந்து, கறுப்புத் தாளில் வெட்டிக்கொண்டார்கள். அதுவும் சிலுவெட் ஆயிற்று. அவரே பொழுதுபோக்காகத் தாள் வெட்டியவர் என்றும் ஒரு கதை உண்டு. எனக்கென்னவோ வரி கட்டியவன் வயிற்றெரிச்சல்தான் நம்பும்படி இருக்கிறது.

ஆங்கிலேயர்கள் இதை வெறும் 'நிழல்' என்றுதான் சொல்லிவந்தார்கள். அங்கே போய்ச் சேர்ந்த ஓகுஸ்த் எதுவார் என்ற பிரெஞ்சுக்காரர் பிற்பாடு கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். மலிவுச் சரக்கோடு தன் கைவேலையைச் சேர்த்துவிடக் கூடாதென்று 'சிலுவெட்' என்றே விற்றார். ஊரில் கஞ்சத்தனத்துக்கு வைத்த பெயர், கடல் கடந்ததும் நாகரிகமாகிவிட்டது!

கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் பெரியப்பாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "பேரே சிலவு வெட்டுன்னு இருக்கு. அந்த ஆளை யாருடா விட்டுவைப்பான்?" என்றார்.

அவர் பேத்தி கல்யாணத்துக்கு முன் மாமல்லபுரம் கடற்கரையில் போட்டோ எடுக்க ஏற்பாடு. பேக்கேஜ் தாளில் கடைசி வரி, 'சில்லவுட் ஷாட் தனிக் கட்டணம்'. விடிகாலை ஐந்து மணிக்கெல்லாம் மாப்பிள்ளை பட்டுவேட்டியோடு வந்து நிற்க வேண்டுமாம். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

"மூஞ்சிதான் தெரியாதே தம்பி," என்றார் போட்டோக்காரரிடம். "உங்க அசிஸ்டெண்டையே நிக்க வெச்சு எடுத்துடுங்களேன். மாப்பிள்ளை தூங்கட்டும்."