தண்ணீர் இல்லாத ஊரிலிருந்து கப்பல் துறைக்கு ஒரு மனு

அனுப்புநர்:
குண்டாற்று மணலில் நடந்தே அக்கரை போய்ப் பழகிய ஒருவன்,
திருச்சுழி வட்டம், அருப்புக்கோட்டை வழி,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தலைமை இயக்குநர் அவர்கள்,
கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம், மும்பை.

பொருள்: பயணிகள் கப்பல் பாதுகாப்புச் சோதனை – வறண்ட ஊரார் கருத்து – தெரிவித்தல் தொடர்பாக.

பார்வை: 1) தேக்கடி, 30.09.2009. 2) போர்ட் பிளேர், 26.01.2014. 3) தானூர், 07.05.2023.

ஐயா,

இங்கே மழை இல்லை. மற்றபடி நலம்.

கண்மாயில் கிரிக்கெட் ஆடுகிற ஊர்க்காரனுக்குக் கப்பலோடு என்ன ஜோலி என்று தாங்கள் கேட்கலாம். எங்கள் ஊரின் பெயரிலேயே சுழி இருக்கிறது. பிரளய வெள்ளம் பொங்கி வந்தபோது சிவபெருமான் சூலத்தால் பூமியில் குத்தி, வெள்ளத்தைச் சுழித்து உள்ளே இறங்க வைத்தார் என்பது தலபுராணம். அன்றைக்கு இறங்கிய தண்ணீர் இன்னும் மேலே வரவில்லை. போர் போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு சம்பந்தமும் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-ஆம் தேதி கப்பல் விட்டீர்கள். அது சில நாளில் நின்றது. மறுபடி 2024 ஆகஸ்டில் விட்ட கப்பலுக்குப் பெயர் ‘சிவகங்கை’. சிவகங்கைச் சீமை எங்களுக்குப் பக்கத்துச் சீமை. சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பதில் இரு பக்கத்தாருக்கும் பேதமில்லை. தண்ணீரே காணாத ஊரின் பெயரைக் கடலில் மிதக்க விட்டவர் யாரோ, அவருக்கு எங்கள் நன்றி. அடுத்த கப்பலுக்குத் ‘திருச்சுழி’ என்று வைத்துவிடாதீர்கள். சுழி என்று பெயர் வைத்த கப்பலில் யாரும் டிக்கெட் எடுக்க மாட்டார்கள்.

தவிர, காவிரி – வைகை – குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரி 21 அன்று அடிக்கல் நாட்டியாயிற்று. 262 கிலோமீட்டர் கால்வாய், 14,400 கோடி ரூபாய் மதிப்பீடு. தண்ணீர் வரும்போது வரட்டும். வந்த பிறகு துறைமுகம், சோதனை, சான்றிதழ் என்று அலையக்கூடாது அல்லவா? அதனால்தான் முன்கூட்டியே தங்கள் விதிகளைக் கேட்டறிந்து படித்தேன்.

படித்ததும் முதலில் திடுக்கிட்டது பன்னிரண்டு என்ற எண்ணைப் பார்த்துத்தான். பன்னிரண்டு பேருக்கு மேல் பயணிகளை ஏற்றினால் அது பயணிகள் கப்பலாம். ஐயா, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வாசலில் நிற்கும் ஷேர் ஆட்டோவில் பதின்மூன்றாவது ஆள் ஏறிய பிறகுதான் டிரைவர் சாவியைத் தொடுவார். “இன்னும் ரெண்டே பேர், உடனே எடுத்துரலாம்” என்று கூவுவார். தங்கள் இலக்கணப்படி எங்கள் பக்கம் ஓடுவதெல்லாம் பயணிகள் கப்பல்களே. தங்கள் சர்வேயர்கள் ஒருநாள் வந்து அடிப்பாகத்தைப் பார்த்தால் உபகாரமாக இருக்கும். கப்பலின் அடிப்பாகத்தை ஐந்து வருடத்தில் குறைந்தது இரண்டு முறை உலர்துறையில் ஏற்றிப் பார்க்க வேண்டுமாமே! எங்கள் வண்டிகளின் அடிப்பாகத்தை மெக்கானிக் தவிர யாரும் குனிந்து பார்த்ததில்லை. 2012-இல் தாம்பரம் பக்கம் ஒரு பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே ஒரு குழந்தை விழுந்து செத்த பிறகு, கொஞ்ச காலம் எல்லாரும் குனிந்தார்கள். பிறகு இடுப்பு வலி வந்துவிட்டது போலிருக்கிறது.

சோதனை எங்களுக்குப் புதிதல்ல. வண்டித் தகுதிச் சான்றுக்கு எஃப்.சி. காட்டும் நாளை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எந்த ஊர் அலுவலகம் என்று சொல்லவில்லை. வரிசையில் ஐந்து மினிபஸ். தீயணைப்பு உருளை ஒன்று. முதல் வண்டியில் அதைக் காட்டியதும் கிளீனர் பையன் துண்டில் சுற்றிப் பின்பக்கமாக இரண்டாவது வண்டிக்குக் கொண்டுபோனான். இப்படி ஐந்து வண்டிக்கும் ஒரே சாமி ஐந்து தரிசனம் கொடுத்தது. முதலுதவிப் பெட்டியும் அப்படியே. வண்டியெல்லாம் புதுப் பெயிண்ட் வாசத்தோடு, கல்யாண வீட்டுத் தூண் மாதிரி நின்றன. மறுநாள் முதல் டிரிப்பில் படியில் ஒன்பது பேர் தொங்கினார்கள். சான்றிதழில் தவறு இல்லை. சான்றிதழ் வாங்கிய நாளன்று வண்டியில் யாருமே ஏறவில்லையே!

இனி என் சொந்த வழக்கு. மூன்று வருடத்துக்கு முன் அப்பத்தாவையும் சேர்த்துக் குடும்பத்தோடு வேன் பிடித்து ஓர் அணைக்கட்டுக்குப் போனோம். ஊர் பெயர் வேண்டாம். அப்பத்தா தன் ஆயுளில் ஒருசேரப் பார்த்த பெரிய தண்ணீர் அதுதான். “ஏய்யா, இம்புட்டையும் இங்கயே வச்சிருக்காங்களா?” என்று கேட்டாள்.

படகின் பக்கவாட்டில் ‘பயணிகள் 2’ வரைக்கும் எழுத்துத் தெரிந்தது. அடுத்த எண்ணின் மேல் ஒரு பழைய டயர் தொங்கியது. கரையில் மோதாமல் இருக்கக் கட்டுகிற டயர்தான். ஆனால் கட்டுவதற்குப் படகில் வேறு இடமா இல்லை? நான் எண்ணினேன். முப்பத்துநான்கு பேர். படகுக்காரத் தம்பியிடம் கேட்டேன். “பிள்ளைக எல்லாம் கணக்குல வராதுண்ணே” என்றார். அவரையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை பயணியே அல்ல என்று தங்கள் விதியும் சொல்கிறது. தம்பி அந்த வயதைக் கொஞ்சம் தாராளமாகப் பன்னிரண்டு வரை நீட்டிவிட்டார், அவ்வளவுதான்.

ஆளுக்கொரு ஆரஞ்சுச் சட்டை கொடுத்தார்கள். ஊறப்போட்ட கோணிச்சாக்கு வாடை. “போட்டோ எடுக்கிற வரைக்கும் மாட்டிக்கங்க ஆத்தா, அப்புறம் கழட்டிறலாம்” என்றார் தம்பி. அப்பத்தா மாட்டவே இல்லை. இரும்புப் பெஞ்சு சுட்டதால் மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். நடு அணையில் யாரோ ஒருவர் “அந்தா யானை!” என்றார். முப்பத்துநான்கு பேரும் ஒரே பக்கம் எழுந்தோம். படகு ஒரு தரம் குனிந்து தண்ணீரை முகர்ந்தது. அப்பத்தா பெஞ்சிலிருந்து வழுக்கினாள். நான் அவள் அடியில் இருந்த சட்டையைப் பிடித்தேன். சட்டை அங்கேயே இருந்தது, நாடா மட்டும் என் கையோடு வந்தது. நல்லவேளை, அது யானை இல்லை, பாறை. எல்லாரும் சலித்துக்கொண்டு அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். படகும் நிமிர்ந்தது.

தேக்கடியில் அது நிமிரவில்லை. ‘ஜலகன்யகா’ என்ற அந்தப் புது இரட்டை அடுக்குப் படகில், விலங்குகளைப் பார்க்க எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்தார்கள். 45 உயிர் போயிற்று. ஒரு கப்பல் எவ்வளவு சாயும் என்று தாங்கள் சோதிக்கும் முறையை வாசித்தேன். எடைக்கற்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்தி, ஊசல் கட்டிச் சாய்வை அளக்கிறீர்கள். அருமையான முறை. ஆனால் ஐயா, எடைக்கல் வைத்த இடத்தில் இருக்கும். “அந்தா யானை” என்று கத்தாது.

போர்ட் பிளேரில் கவிழ்ந்த ‘அக்வா மரைன்’ படகில் ஏறத்தக்கவர் 25 பேர். ஏறியவர் நாற்பதுக்கு மேல். இறந்த இருபதுக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் காஞ்சிபுரத்துக்காரர்கள். காஞ்சிபுரத்தாரும் எங்களைப் போல ஏரி நிறைந்தால் திருவிழா கொண்டாடுகிறவர்கள்தான். தானூரில் மூழ்கியது, உல்லாசப் படகாக உருமாற்றிய மீன்பிடிப் படகு. 22 உயிர். பெரிய தண்ணீரைப் பார்க்காதவன், நீச்சல் தெரியாதவன், எங்கள் அப்பத்தா மாதிரி ஆளும்தான் டிக்கெட் எடுக்கிறான். தங்கள் விதியில் கப்பலைப் பற்றி எவ்வளவோ இருக்கிறது. ஏறுகிறவன் கரிசல் காட்டிலிருந்து வருகிறான் என்பது மட்டும் எங்கும் இல்லை.

இது நம் நாட்டு வியாதி என்று மட்டும் நினைத்துத் தாழ்வு மனப்பான்மை கொள்ள வேண்டாம். நியூயார்க்கில் ‘ஜெனரல் ஸ்லோகம்’ என்ற உல்லாசக் கப்பல். 1904 மே மாதம் சோதனையில் தேறியது. ஜூன் 15-இல் தீப்பிடித்தது. ஆயிரத்துக்கு மேல் சாவு, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். மிதவைச் சட்டைகளில் இருந்த தக்கை மக்கித் தூளாகிவிட்டிருந்தது. பிந்திய விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது: சட்டைக்கு இத்தனை எடை தக்கை வேண்டும் என்பது சட்டம் என்பதால், ஒரு தக்கைக் கம்பெனி எடை குறைந்த தக்கைக்குள் இரும்புத் துண்டைச் செருகி எடையைச் சரிக்கட்டி விற்றிருந்தது. மிதப்பதற்கான சட்டையில் இரும்பு! பருத்தியில் தண்ணீர் தெளித்து எடை ஏற்றுகிற எங்கள் பக்கத்துக் கெட்டிக்காரர்கள் இதைக் கேட்டு வெட்கப்பட்டார்கள். பருத்தி ஈரமாக இருந்ததால் இதுவரை யாரும் மூழ்கவில்லை.

டைட்டானிக்கும் சோதனையில் தேறிய கப்பல்தான். பத்தாயிரம் டன்னுக்கு மேல் எவ்வளவு பெரிய கப்பலானாலும் 16 உயிர்காப்புப் படகு போதும் என்றது அன்றைய பிரிட்டிஷ் விதி. 46,000 டன் டைட்டானிக் 20 படகு வைத்திருந்தது. சட்டத்துக்கு மேலேயே நான்கு! படகுகளில் இடம் 1,178 பேருக்கு. கப்பலில் இருந்தவர்கள் 2,200 பேர் அளவில். அதற்குப் பிறகுதான் 1914-இல் லண்டனில் உட்கார்ந்து கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை எழுதினார்கள். கப்பலிலிருந்து தப்பிக்கும் ஒத்திகையின் கதையும் இதேதான். பயணிகள் ஏறிய 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை நடத்தினால் போதும் என்றிருந்தது. 2012 ஜனவரியில் இத்தாலியின் ‘கோஸ்டா கான்கோர்டியா’, துறைமுகம் விட்டு மூன்று மணி நேரத்துக்குள் பாறையில் மோதியது. பாறைக்கு 24 மணி நேரம் பொறுக்கத் தெரியவில்லை. இப்போது புறப்படுமுன், அல்லது புறப்பட்ட உடனே, ஒத்திகை என்று மாற்றியிருக்கிறார்கள். தங்கள் துறையின் விதிப்புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு கருமாதி இருக்கிறது.

ஆனால் ஒரே ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. கப்பலின் வயிற்றில் வரையும் பாரக்கோடு. சாமுவேல் பிளிம்சால் என்ற புண்ணியவான் போராடி 1876-இல் இங்கிலாந்தில் சட்டமாக்கினார். கோடு முங்கினால் பாரம் அதிகம். அதைப் பார்க்கப் படிப்பு வேண்டாம், சர்வேயர் வேண்டாம். கரையில் நிற்கிற எவனுக்கும் தெரியும். எங்கள் கண்மாய்க் கலுங்கில் நட்ட கல்லும் இதே சாதி. தண்ணீர் அந்தக் கல்லைத் தாண்டினால் மறுகால் பாய்கிறது என்று அர்த்தம். அதைச் சொல்ல எங்களுக்கு எஞ்சினியர் வேண்டியதில்லை, ஆடு மேய்க்கிற பையன் கத்துவான்.

இங்கிலாந்திலும் தில்லுமுல்லு இருந்திருக்கிறது. பாரக்கோட்டை எங்கே போடுவது என்பதை முதலில் முதலாளி விருப்பத்துக்கே விட்டார்களாம். ஒருவர் புகைபோக்கியில் வரைந்தார் என்று கதை சொல்வார்கள். 1890-இல்தான் இடத்தைச் சட்டம் நிர்ணயித்தது. எங்களிடமும் ராத்திரியோடு ராத்திரியாகக் கலுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கி, தண்ணீரைத் தங்கள் பக்கம் தேக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. கரை உடைந்த பிறகு மூட்டையை யார் அடுக்கியது என்று பஞ்சாயத்து நடக்கும். மூட்டைகள் அதற்குள் வீட்டுக்குப் போயிருக்கும்.

ஆகவே ஐயா, புதிய சட்டம் எதுவும் கேட்கவில்லை. இருக்கிற எண்ணைக் காட்டுங்கள். சவாரிப் படகு எதுவானாலும், இத்தனை பேர்தான் என்று இரண்டு முழ உயரத்தில், தமிழில், இரண்டு பக்கமும் எழுதச் சொல்லுங்கள். அதன்மேல் டயர் தொங்கக்கூடாது. அதற்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு. கோடு தண்ணீருக்குள் போனால் இறங்கிவிடலாம் என்று அப்பத்தாவுக்கே தெரிந்துவிடும். கேபினுக்குள் கண்ணாடிச் சட்டத்தில் இங்கிலீஷில் மாட்டிய சான்றிதழைப் படகுக்காரரே வாசித்ததில்லை.

இது கடல் சமாச்சாரம் இல்லை, அணை சமாச்சாரம், உள்நாட்டு நீர்வழி மாநிலத்தின் பொறுப்பு, 1917-ஆம் வருடச் சட்டத்தை மாற்றி 2021-இல் புதுச் சட்டமே போட்டாயிற்று என்று தாங்கள் பதில் எழுதலாம் என்பது தெரியும். மாநிலத்திடம் போனால் அணை ஒரு துறை, காடு ஒரு துறை, சுற்றுலா ஒரு துறை என்பார்கள். படகு கவிழும்வரை அது யார் தண்ணீர் என்று எங்களுக்குத் தெரியாது. எனவே இம்மனு தங்கள் வரம்புக்கு உட்படாததாயின், உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு எனக்கு நகல் தர வேண்டுகிறேன்.

அப்பத்தா வருகிற தை மாதம் கன்னியாகுமரி போய் விவேகானந்தர் பாறைக்குப் படகேற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வயது எண்பத்தொன்று. பதில் அதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கரையேறியவன்.

இணைப்பு: ஆரஞ்சு நிற நாடா, முக்கால் முழம் – 1.